சம்மதமும் நீதியும்: மலையகத் தொழிலாளர் வாழ்வை முன்னிறுத்திய ஓர் அறவியல் நோக்கு

தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரலாறு பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் ஒரு வாதம் தவறாது முன்வைக்கப்படுவதுண்டு. அவர்களை எவரும் சங்கிலியாற் பிணைத்துக் கொண்டுவரவில்லை, தாமாகவே வந்தனர், கூலி இன்னதென அறிந்தே பெயர் பதிந்தனர், விரும்பாதோர் போயிருக்கலாம் என்பதே அவ்வாதம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தோட்டத் துரைமார் இதனைப் பெருமையோடு கூறிக்கொண்டனர். பீஜித் தீவிற்கும் நேட்டாலுக்கும் ஐந்தாண்டு ஒப்பந்தத்திற் கட்டுண்டு சென்ற இந்தியத் தொழிலாளரோடு ஒப்பிடுமிடத்து, இலங்கைக்கு வந்தோர் மாத ஒப்பந்தத்திற் சேர்ந்த சுதந்திரமான தொழிலாளர் என்பது அவர்களது கூற்று. சட்டத்தின் எழுத்தை மாத்திரம் நோக்கின் இக்கூற்றிற் பிழை காண்பது கடினம். இன்றும் கூலி உயர்வு கோரி ஹற்றனிலோ தலவாக்கலையிலோ தொழிலாளர் வீதிக்கு வரும்போது, "இந்தச் சம்பளம் போதாதெனில் வேறு வேலைக்குப் போகலாமே" என நகரத்திலிருந்து கூறுவார் அப்பழைய வாதத்தையே புதுமொழியிற் கூறுகின்றனர். ஒருவன் ஒன்றிற்குச் சம்மதித்துவிட்டான் என்பதனால் மட்டும் அது நீதியானதாகிவிடுமா என்ற அறவியல் வினா இவ்வாதத்தினுள்ளே பொதிந்து கிடக்கின்றது.

மெய்யியலாளர் இவ்வினாவை நெடுங்காலமாகவே எதிர்கொண்டு வந்துள்ளனர். அரிஸ்டோட்டில் தமது அறவியல் நூலின் மூன்றாம் பாகத்திலே ஒரு மாலுமியை உதாரணங் காட்டுகின்றார். புயலில் அகப்பட்ட கப்பலைக் காக்கும் பொருட்டு அவன் சரக்குகளைக் கடலில் எறிகின்றான். எறிந்த கை அவனுடையது. எறியத் துணிந்த மனமும் அவனுடையது. எனினும் வேறு சூழ்நிலையில் எவனும் தன் சரக்கைத் தானே கடலில் எறியான். ஆகவே அச்செயல் விருப்பும் விருப்பின்மையும் கலந்த ஒன்று என்பது அவரது முடிபு. ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த டேவிட் ஹியூம் 1748இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் மற்றுமொரு கப்பலைக் காட்டினார். உறக்கத்தில் தூக்கிச் செல்லப்பட்டுக் கப்பலேற்றப்பட்டவன் கண்விழித்தபின் அக்கப்பலிலேயே இருக்கின்றான் என்பதற்காக, கப்பற்றலைவனின் ஆட்சிக்கு அவன் சம்மதித்துவிட்டான் எனக் கூறலாமா? கப்பலைவிட்டு நீங்குவதாயின் அவன் கடலிலல்லவா குதிக்கவேண்டும்! அந்நிய மொழியறியாத, அன்றாடக் கூலியில் நாளைக் கழிக்கும் ஏழையொருவன் தன் நாட்டைவிட்டு நீங்கும் சுதந்திரமுடையவன் என்பது எத்துணைப் பொருளற்றதென்றும் ஹியூம் அவ்விடத்திலேயே வினவுகின்றார். அரசியற் கடமை பற்றியே அவர் எழுதினார். எனினும் மலைநாட்டுத் தொழிலாளனை மனத்திற்கொண்டு எழுதியவர் போன்றே அவ்வரிகள் இன்று தோன்றுகின்றன.

ஹியூம் வாழ்ந்த நாட்டிலேயே, அவர் அவ்வாறு எழுதிய காலத்திலேயே, சுரங்கத் தொழிலாளர் சட்டத்தினாற் பிணைக்கப்பட்டிருந்தனர் என்பது ஈண்டு நோக்கற்பாலது. 1606ஆம் ஆண்டு ஸ்கொத்லாந்துப் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தின்படி, நிலக்கரி வெட்டுவோனையும் சுமப்போனையும் உப்புக் காய்ச்சுவோனையும் முந்திய எசமானின் சான்றுச் சீட்டின்றி எவரும் வேலைக்கமர்த்தலாகாது. சீட்டின்றிச் சென்றவனை ஓராண்டும் ஒரு நாளும் கழியுமுன் பழைய எசமான் கேட்பின் திருப்பிக் கொடுத்தல் வேண்டும். நாளடைவிலே மற்றொரு வழக்கமும் வேரூன்றியது. சுரங்கத் தொழிலாளியின் குழந்தைக்கு ஞானஸ்நானம் நடைபெறும் வேளையிற் சுரங்க முதலாளி பெற்றோருக்குச் சிறுதொகைப் பணம் கொடுப்பார். அதனைப் பெற்றுக்கொண்டால் அக்குழந்தையும் அச்சுரங்கத்திற்கு உரியதாகும். பெற்றோர் கைநீட்டி வாங்கினர். எனவே இங்கும் சம்மதம் இருந்ததென்றே சொல்லவேண்டும்! 1775ஆம் ஆண்டுச் சட்டம் இக்கட்டினைத் தளர்த்தத் தொடங்கிற்று; 1799ஆம் ஆண்டுச் சட்டமே முற்றாக அறுத்தது.

சட்டம் அறுபட்டபின் சுரங்கத் தொழிலாளி விடுதலை பெற்றானா? அவன் குடியிருந்த வீடு பெரும்பாலும் சுரங்க முதலாளியுடையதாகவே இருந்தது. 1844இல் இங்கிலாந்தின் டறம் பகுதியிற் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தபோது குடும்பங் குடும்பமாக வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டனர். வேலையை மறுப்பதாயின் கூரையையும் மறுக்கவேண்டும் என்ற நிலை அது. கூலியைப் பணமாகக் கொடாது பொருளாகக் கொடுக்கும் முறையைத் தடைசெய்யவும் 1831இல் அங்கு ஒரு சட்டம் வேண்டியிருந்தது. கடனும் வீடும் கடையும் ஒருவர் கையிலேயே இருப்பின் சங்கிலிக்குத் தேவையேயில்லை என்பதை நிலக்கரி நாடு தேயிலை நாட்டிற்கு முன்னரே அறிந்திருந்தது.

இவ்வறிவு கடல்கடந்து வந்ததோ, அன்றி ஒத்த தேவையினால் இங்கே புதிதாய்ப் பிறந்ததோ, அறுதியிட்டுக் கூறுதல் அரிது. ஆயினும் மத்திய மலைநாட்டிலே தோட்டந் திறந்தோருட் பலர் ஸ்கொத்லாந்தினர். 1867இல் லூல்கந்துரையிற் பத்தொன்பது ஏக்கரில் தேயிலையை வர்த்தகப் பயிராக நட்ட ஜேம்ஸ் டெயிலரும் அந்நாட்டவரே. ஹோலிரூட், டன்சினன், பல்மோரல் என நுவரெலியா மாவட்டத் தோட்டங்கள் இன்றும் தாங்கி நிற்கும் பெயர்கள் அந்நாட்டு ஊர்களையும் மாளிகைகளையும் குன்றுகளையும் நினைவூட்டுவன.

தோட்டங்களிலே சான்றுச் சீட்டின் பெயர் 'துண்டு'. தமிழகக் கிராமங்களில் ஆட்திரட்டச் செல்லும் கங்காணிக்குத் தோட்டம் முன்பணம் கொடுத்தது. பயணச் செலவும் வழியிற் கொடுத்த சோறும் ஊரிலே தீர்க்கப்பட்ட பழங்கடனும் தொழிலாளியின் பெயரிற் கடனாக எழுதப்பட்டன. அவன் மண்டபத்திலோ தலைமன்னாரிலோ காலடி வைக்கும்போதே கடன்காரன். ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றிற்குச் செல்வதாயின் இன்ன தொகை செலுத்தப்பட்டால் இக்கங்காணியையும் இவனது ஆட்களையும் விடுவிக்கச் சம்மதம் எனத் துரை எழுதிய துண்டு வேண்டும். புதிய தோட்டம் அத்தொகையைக் கட்டும். கடன் அங்கே தொடரும். ஆளை விற்கவில்லை, கடனைத்தான் கைமாற்றினர் என்று இதற்கு விளக்கங் கூறப்பட்டது. கடனோடு ஆளும் போனான் என்பதை விளக்கங் கூறியோர் கவனிக்காதிருந்திருக்க முடியாது.

இதனினும் நுட்பமானது 1889ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் இலக்கக் கட்டளைச் சட்டம். தோட்டத்துச் செக்ரோலிற் பெயர் பதியப்பெற்று, அரிசியோ பணமோ முற்பணமாகப் பெற்றுக்கொண்ட தொழிலாளி, வேறு பேச்சு எதுவுமின்றியே சேவை ஒப்பந்தஞ் செய்துகொண்டவனாகக் கருதப்படுவான் என அச்சட்டம் கொண்டது. அரிசி வாங்கினான்; ஆகவே சம்மதித்தான்! வாய்திறந்து ஒரு சொல்லும் சொல்லவேண்டியதில்லை; உண்டதே ஒப்பந்தம். அரசனின் பெருவழியில் நடந்தவன் அரசனுக்குச் சம்மதித்தவனே என ஜோன் லொக் கூறியதை எள்ளி நகையாடுவோர், பசித்தவன் அரிசி வாங்கியதைச் சம்மதமாக்கிய இச்சட்டத்தை என்னென்பர்? 1865ஆம் ஆண்டின் பதினோராம் இலக்கச் சட்டத்தின்படி, முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்குதல் சிறைக்குரிய குற்றமாகவும் இருந்தது. பிரித்தானியாவிலே தொழில் ஒப்பந்தத்தை மீறுதல் 1875இல் குற்றவியற் சட்டத்தினின்றும் நீக்கப்பட்டது. இலங்கைத் தோட்டத்திலோ, துண்டு முறையோடு சேர்த்து அது நீக்கப்படுவதற்கு 1921ஆம் ஆண்டு வரை காத்திருக்கவேண்டியதாயிற்று. அவ்வொழிப்பின் பின்னணியில் சேர். பொன்னம்பலம் அருணாசலத்தின் உழைப்பு இருந்தமை நினைவுகூரத்தக்கது.

இவ்விடத்து ஒரு தடை எழுதல் இயல்பு. தேவையினாற் பிறந்த சம்மதம் சம்மதமே அன்றெனின், உலகில் எந்தத் தொழிலாளியின் ஒப்பந்தமும் செல்லாததாகிவிடுமன்றோ? வயிற்றை நினையாது வேலைக்குச் செல்வோர் எத்தனை பேர்? இத்தடையோடு இன்னுமொன்றும் சேர்த்தெண்ணப்பட வேண்டும். தொழிலாளியின் சம்மதத்திற்கு மதிப்பில்லை என்போர், அவனைச் சுயபுத்தியற்ற குழந்தையாக்கிவிடும் ஆபத்து உண்டு. துரைமாரும் அவ்வாறே எண்ணினர். தோட்டத்திற்குத் துரையே தாய் தகப்பன் என்ற பேச்சு வெறும் பணிவுமொழியன்று. அதுவே ஆட்சிமுறையாகவும் இருந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்திலே ஊரிற் கிடந்து மாள்வதா, கடல் கடப்பதா எனத் தம் மனைவி மக்களோடு ஆலோசித்துப் புறப்பட்டோர் அறிவற்றோரல்லர். சேரிகளிலே சாதிக் கொடுமைக்குட்பட்டோருக்கு மலைநாடு ஒரு கதவாகவும் தோன்றியிருக்கும். அவர்களது முடிவு அவர்களுடையதே. அதனைப் பறிப்பது, அவர்களிடம் எஞ்சியிருந்த ஒன்றையும் பறிப்பதாகும்.

எனவே சம்மதம் உண்டா இல்லையா என்று கேட்பது வினாவைத் தவறான முனையிற் பற்றுவதாகும். அரிஸ்டோட்டிலின் மாலுமிக்குப் புயலை அனுப்பியது இயற்கை. சரக்கைக் கடலினின்றும் பொறுக்கி விற்பவன் ஒருவன் இருந்து, அப்புயலையும் அவனே எழுப்பியிருந்தால்? மாலுமி மனமுவந்தே எறிந்தான் என அவன் வழக்காடினால் எந்த நீதிமன்றம் ஏற்கும்? பஞ்சத்தைத் துரை உண்டாக்கவில்லை என்பது உண்மை. ஆனால் கடலைத் தாண்டி வந்தபின் எஞ்சியிருந்த கதவுகளைக் கடனாலும் துண்டாலும் சிறைத்தண்டனையாலும் மூடியவர் எவரோ, அவரே "போயிருக்கலாமே" என்றும் கூறுவாராயின், அச்சொல்லைச் சொல்லும் உரிமை அவருக்கில்லை. அடம் ஸ்மித் 1776இல் வெளியிட்ட நூலிலே, முதலாளி வேலையாளின்றி ஓரிரு ஆண்டு தாக்குப் பிடிக்கக்கூடும். வேலையாளரிற் பலரோ வேலையின்றி ஒரு வாரமும் தாக்குப் பிடியார் என்று எழுதினார். முதலாளித்துவத்தின் மூலநூலாகப் போற்றப்படும் அந்நூலே இதனை மறைக்கவில்லை. மறுத்துக் கூறும் வலிமையை மற்றவனிடமிருந்து அகற்றியவன், அவனது மறுப்பின்மையைத் தனக்குச் சான்றாகக் காட்டல் ஆகாது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்திற் கூலி உயர்வு கேட்டு மறுத்து நின்றபோது பொலிசாரின் சூட்டுக்குக் கோவிந்தன் பலியானமை, மறுப்பின் விலை எத்துணையதாயிருந்தது என்பதை உணர்த்தும்.

துண்டு போயிற்று, லயம் நின்றது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராக்கள் வரிசையாய், ஒன்றன் முதுகோடு மற்றொன்று ஒட்டியும் ஒட்டாதும் நிற்கும் அவ்வமைப்புப் பற்றி மலைநாட்டு எழுத்தாளர் நிறையவே எழுதியுள்ளனர், மீளக் கூறவேண்டியதில்லை. அறவியல் நோக்கிற் கவனிக்கவேண்டியது காம்பராவின் அளவன்று, அதன் உரித்து. தோட்டத்தின் வீடு தோட்டத்து வேலைக்கானது. டறம் சுரங்கத்துத் தொழிலாளி போலவே இவனும் வேலையை மறுப்பின் பிள்ளைகளை எங்கே கிடத்துவது என்று எண்ணவேண்டியவனானான்.

வேலையின் கணக்கும் அவ்வாறே. தோட்டத்து வழக்கில் ஒரு நாள் வேலைக்கு 'ஒரு பேர்' என்பர். காலையிற் பிரட்டுக்களத்திற் பெயர் கூப்பிடப்பட்டு மலைக்குச் சென்ற பெண், குறித்த நிறைக் கொழுந்து எடுத்தாலன்றி முழுப்பேர் பெறாள், குறைந்தால் அரைப்பேர். மழையும் வறட்சியும் மலையின் சரிவும் செடியின் வயதும் கொழுந்தின் அளவைத் தீர்மானிப்பன. அவற்றுள் எதுவும் அவள் கையில் இல்லை. காடு மண்டிய மலையில் அட்டைக்கும் குளவிக்கும் நடுவே முழுநாளும் நின்றவளுக்கு அரைப்பேர் என்றால், மற்ற அரை நாள் அவள் எங்கே நின்றாள்? இக்கணக்கிற்கும் அவள் சம்மதித்தவளாகவே கொள்ளப்படுகின்றாள்.

அரசுகள் மூடிய கதவு இவையனைத்தினும் பெரிது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தின் விளைவாக மலையகத் தமிழருட் பெரும்பாலோர் நாடற்றோராயினர். முந்திய ஆண்டில் வாக்களித்துத் தம் பிரதிநிதிகள் எழுவரைப் பாராளுமன்றம் அனுப்பிய மக்கள் அவர்கள். 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கிட்டு, 525,000 பேர் இந்தியாவிற்கும் 300,000 பேர் இலங்கைக்கும் எனப் பகிர்ந்தது. எஞ்சிய 150,000 பேர் 1974இற் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். எண் முதலில் முடிவாயிற்று. விருப்பம் கேட்கும் விண்ணப்பப் படிவம் பின்னரே வந்தது. பிரசாவுரிமையற்றவனுக்கு அரசாங்க வேலை இல்லை, வாக்கு இல்லை, தோட்டத்தையன்றி வேறு போக்கிடமும் அரிதே. அந்நாட்களில் அவன் தோட்டக் கூலிக்குச் 'சம்மதித்தான்' என்பதைச் சுதந்திரச் சந்தையின் பேரம் எனக் கூறுவது சொல்லை அவமதிப்பதாகும். இச்சிக்கல் சட்டப்படி முற்றாகத் தீர்வதற்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வேண்டியிருந்தது.

சம்மதம் என்ற வாதம் மிகவும் கொடூரமாக ஒலிப்பது மரணத்தின் முன்னிலையிலாகும். 1966 ஒக்டோபர் 21இல் வேல்ஸ் நாட்டின் அபர்வான் என்னும் சுரங்கக் கிராமத்திலே, மலையுச்சியிற் குவிக்கப்பட்டிருந்த நிலக்கரிக் கழிவு மழையில் நெகிழ்ந்து சரிந்து பாடசாலையை மூடிற்று. இறந்தோர் 144 பேர். அவர்களுள் 116 பேர் சிறுவர். குவியல் பற்றிய அச்சம் அதற்கு முன்னரே அவ்வூரில் எழுப்பப்பட்டிருந்தது. விசாரணை மன்றம் மறுவருடம் பழியைத் தேசிய நிலக்கரிச் சபை மீதே சுமத்திற்று. எனினும் எஞ்சிய குவியல்களை அகற்றும் செலவுக்கு, உலகெங்குமிருந்து அனுதாபிகள் அனுப்பிய நிவாரண நிதியிலிருந்தே 150,000 பவுண் எடுக்கப்பட்டது. அது திருப்பிக் கொடுக்கப்பட்டது 1997இலேதான்.

2014 ஒக்டோபர் 29 காலை பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் அமிழ்ந்தன. புதைந்தோர் பலரின் உடல்கள் மீட்கப்படவேயில்லை. அவ்விடம் ஆபத்தானது என 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. அப்போது எழுந்த கேள்வி யாது? எச்சரித்தும் ஏன் அவர்கள் போகவில்லை என்பதே! ஏன் போகவில்லை என்பதற்கு விடை, எங்கே போவது என்ற எதிர்வினாவிலேயே இருந்தது. தோட்ட நிலத்தில் ஓரடி மண்ணும் அவர்களுக்குரியதன்று. வேறோரிடத்தில் வீடு கட்டிக் கையிற் கொடுக்கப்படவுமில்லை. எச்சரிக்கைக் கடிதம் ஒன்றைக் கொடுத்துவிட்டால் ஆபத்தின் பொறுப்பு கடிதம் பெற்றவனுக்கு மாறிவிடுமா? தப்பியோரிற் பலர் பழைய தேயிலைத் தொழிற்சாலையொன்றில் ஏறத்தாழ ஈராண்டு தங்கிய பின்னரே வீடு கிட்டியது. 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' சூறாவளியோடு வந்த பெருமழையில் மலைநாட்டு மாவட்டங்கள் மீண்டும் சரிந்தபோதும் இவ்வினா புதிதாக எழவில்லை. பழைய இடத்திலேயே நின்றது. ஹியூமின் கப்பற்பயணி கடலிற் குதிக்காதிருந்தமைக்கு அவனையே குற்றஞ் சாட்டுவதற்கு ஒப்பானது இது.

நிலைமை இன்று மாறியுள்ளது என்பதையும் நேர்மையோடு ஒப்புக்கொள்ளவேண்டும். 1975இல் தோட்டங்கள் அரசுடைமையாயின; 1992இல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளிடம் சென்றது. நாளாந்தக் கூலி 2021இல் 1000 ரூபாவாகவும் 2024 செப்டெம்பரில் 1350 ரூபாவாகவும் உயர்ந்தது. 2026ஆம் ஆண்டிற்கான வரவு செலவுத் திட்டத்திலே 1550 ரூபாவும், அதன்மேல் அரசு தரும் 200 ரூபா வருகைக் கொடுப்பனவும் முன்மொழியப்பட்டன. ஏழு பேர்ச் காணியில் தனிவீடு என்ற திட்டத்தின்கீழ் சில இடங்களில் வீடுகள் எழுந்துள்ளன. உலகச் சந்தையின் விலையையும் உற்பத்திச் செலவையும் கம்பனிகள் காட்டும்போது அதிலும் உண்மை இல்லாமலில்லை. இவையெல்லாம் பொருளாதாரத்தின் பாற்பட்டன. பொருளியல் மாணவர் விரித்துரைப்பர். கூலி எவ்வளவு என்பதோடு, அக்கூலி வேண்டாமெனக் கூறுவோனுக்கு அன்றிரவு படுக்க இடமுண்டா என்பதும் கேட்கப்படல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் அக்கறை. ஏழு பேர்ச் காணியின் உறுதிப்பத்திரம் இருநூறு ரூபா உயர்வினும் பெறுமதியுடையதாவது இக்காரணம் பற்றியே.

நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கத்து லயமொன்றிலே இன்று காணக்கூடிய ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். மகன் கொழும்பிற் கடையொன்றில் வேலை. மகள் ஆடைத் தொழிற்சாலையில். இருவரும் மாதந்தோறும் அனுப்பும் பணத்திற் சோற்றுக்குக் குறைவில்லை. ஐம்பது வயது கடந்த தாய்க்கு மூட்டுவலி. வேலையை விட்டுவிடு அம்மா எனப் பிள்ளைகள் தீபாவளிக்கு வரும்போதெல்லாம் சொல்கின்றனர். வீட்டில் ஒருவரேனும் செக்ரோலில் இருந்தாற்றான் காம்பரா தங்கும் என்பது தாயின் அச்சம். பிள்ளைகள் வந்திறங்க இந்தக் காம்பராவையன்றி இந்நாட்டில் வேறோர் இடமில்லை என்பதையும் அவள் அறிவாள். ஆகவே விடியற்காலையிற் கூடையை எடுத்துக்கொண்டு மலையேறுகின்றாள். அவளை எவரும் கட்டாயப்படுத்தவில்லை.